பெட்டியடியில் யாருக்கு இடம்?

ஒரு வாடிக்கையாளரின் மென்பொருள் பணிக்காகச் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஆறு மாதம் வேலை பார்த்தேன். இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் அந்தத் தெருவில் ஒரு காலத்தில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு மேசைப்பெட்டி. தரையில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல். இரவில் அங்கேயே உறக்கம்.

சமூக வலைப்பின்னல் என்று நாம் இப்போது பேசுவதை அவர்கள் காகிதத்திலும் வாய்ச்சொல்லிலும் நடத்தினார்கள். குடும்பத்தின் விலாசம்தான் விளம்பரம். அந்த விலாசத்தை நம்பி, ரங்கூனில் எழுதிய உண்டியலுக்குச் செட்டிநாட்டில் பணம் கிடைத்தது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி, தங்களுக்குள் கடனுக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். தொழில் படிக்கக் கல்லூரி இல்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கெழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் மேலாளாக உயர்ந்தான்.

இதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. பர்மாவின் கதையையும் படித்த பிறகு அந்தப் பெருமை நிம்மதியாக இல்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவர்களின் அடமான நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 விழுக்காடானது. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் இழந்த உழவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? தங்களுக்குள் அவ்வளவு நம்பிக்கை வளர்த்தவர்கள், பக்கத்து வயல்காரனுடன் கடன் பத்திரம் தவிர வேறு உறவு வளர்க்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வெளியேறினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது.

முதுகலை முடித்து வேலை தேடியபோது, ஊர்க்கார அண்ணன் ஒருவர்தான் என் விண்ணப்பத்தைத் தன் மேலாளரிடம் நேரில் கொடுத்தார். அந்தக் கடனை அடைப்பதாக நினைத்து இதுவரை பலருக்குப் பரிந்துரை செய்திருக்கிறேன். போன வாரம் அந்தப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். எல்லாரும் என் ஊர், என் கல்லூரி, என் உறவு. இந்த ஊரில் பிறந்து, எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு வருடம் தற்காலிகமாக உழைத்த பக்கத்து மேசைப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

திங்கட்கிழமை அவரிடம் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினேன்.