மலைக்கள்ளன்: விமர்சன வரவேற்பு

மலைக்கள்ளன் 1954 ஜூலையில் வெளிவந்த தமிழ்ச் சாகசத் திரைப்படம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் இதே பெயருடைய நாவலை, கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு படமாக்கினார். மலைக்கள்ளனாகவும் அப்துல் ரஹீம் என்ற வணிகராகவும் மாறுவேடத்தில் உலவும் நாயகன் எம். ஜி. ஆர்.; அவன் காப்பாற்றும் பூங்கோதை பி. பானுமதி.

அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் இதற்கே கிடைத்தது. அடுத்த இடத்தில் நின்றது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்': பாட்டே இல்லாமல், ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாக விரித்த படம். பிற்கால விமர்சகர்கள் மைல்கல்லாகக் கொண்டாடுவது அதைத்தான். அதற்காக அன்றைய நடுவர்களின் தீர்ப்பைத் தள்ளிவிட முடியாது. மலைக்கள்ளனில் வரும் குதிரை, மாறுவேடம், மலை மறைவிடம் எல்லாம் பழகிய சரக்கே. அதற்கு உயிர் தந்தவர்கள் எழுத்தாளர்கள். காந்தியவாதியான நாமக்கல் கவிஞரின் கதைக்குத் திராவிட இயக்கத்தவரான மு. கருணாநிதி வசனம் எழுதினார். டி. எம். சௌந்தரராஜன் எம். ஜி. ஆருக்கு முதன்முதலில் குரல் கொடுத்ததும் இப்படத்தில்தான். ஏழைகளின் காவலன் என்ற எம். ஜி. ஆரின் திரைத் தோற்றம் இங்கே நன்றாகவே உருப்பெற்றுவிட்டது.

கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் போனது. ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கிய இந்தி 'ஆசாத்' (1955), சோகப் பாத்திரங்களுக்குப் பேர்போன திலீப் குமாருக்குச் சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதைத் தேடித் தந்தது. சிங்களத்தில் 'சூரசேன' (1957) வந்த நேரம் அவ்வளவு தோதானதல்ல. முந்தைய ஆண்டுதான் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ', ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்து வெயிலில் படமாகியிருந்தது. தென்னிந்தியத் தழுவல்களை நகல் என்று ஒதுக்கும் பார்வை அதன்பின் வலுத்தது.

இலங்கை மலையகத்தின் இறம்பொடை, புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களிலோ எம். ஜி. ஆர். 'நம்ம கண்டியில் பிறந்தவர்' என்று உரிமை கொண்டாடப்பட்டவர். அந்த உரிமைக்கு எந்த விமர்சகரின் சான்றும் தேவைப்படவில்லை. படம் வந்த அதே ஆண்டின் ஜனவரியில், இலங்கையின் இந்திய வம்சாவளியினரது குடியுரிமை குறித்த நேரு–கொத்தலாவல ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த தோட்டத் தொழிலாளர், இரு நாடுகளுக்கும் வேண்டாதவர்களாக லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் இருந்தார்கள். சட்டம் கைவிட்டவர்களுக்கு மலைக்குள்ளிருந்து ஒருவன் நியாயம் கொண்டுவரும் கதை, காலையில் வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர்களுக்கு வெறும் சாகசமாக மட்டும் பட்டிருக்காது.