விமான எஞ்சினில் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு

விமான எஞ்சினுக்குள் சுற்றும் எண்ணெய்க்கு இரண்டு வேலைகள்: உராய்வைத் தணிப்பது, உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருவது. எஞ்சின் எந்த வேகத்தில் சுழன்றாலும், எண்ணெய் எவ்வளவு சூடானாலும், ஒவ்வொரு பேரிங்குக்கும் தேவையான அளவு போய்ச் சேரும்படி அதன் அழுத்தத்தை ஒரு வரம்புக்குள் வைத்திருப்பதே எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு.

அழுத்தத்தைப் பம்பு உண்டாக்குவதில்லை. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அது போகும் குறுகிய வழிகள் தடுக்கின்றன. அந்தத் தடுப்பில்தான் அழுத்தம் பிறக்கிறது. கியர் பம்பு எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதால், வேகம் கூடினால் தள்ளும் எண்ணெயும் கூடும். குறைந்த வேகத்திலும் பற்றாக்குறை வராதபடி பம்பைச் சற்றுப் பெரிதாகவே அமைக்கிறார்கள். முழு வேகத்தில் மிஞ்சும் எண்ணெயை அழுத்தத் தணிப்பு வால்வு திருப்பி அனுப்புகிறது. நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க, பைபாஸ் வால்வைத் திறந்து மிச்சத் தண்ணீரைக் கிணற்றுக்கே விடுவார்களே, அதே வேலைதான். வித்தியாசம், இங்கே திறப்பதும் மூடுவதும் ஒரு ஸ்பிரிங்கும் அது அழுத்திப் பிடிக்கும் ஒரு குண்டும். அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மீறும்போது குண்டு எழும். குறையும்போது தானே உட்காரும்.

பயிற்சி விமானமான செஸ்னா 172-இல் உள்ள லைகமிங் வகை பிஸ்டன் எஞ்சின்களில் பறக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 55 முதல் 95 பிஎஸ்ஐ வரை. மெதுவோட்டத்தில் ஏறத்தாழ 25-க்குக் கீழே போகக் கூடாது. கிளப்பிய 30 விநாடிக்குள் அழுத்தமானியின் முள் எழத் தொடங்காவிட்டால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கடுங்குளிரில் மட்டும் இதைப்போல இரு மடங்கு நேரம் பொறுக்கலாம்.

வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினால் அழுத்தம் கூடும். சில மாதிரிகளில் திருகைத் திருப்ப வேண்டும், சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் சேர்க்க வேண்டும். பராமரிப்பில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். அழுத்தம் குறைவதற்குக் காரணம் பல இருக்கலாம்: குண்டு உட்காரும் இடத்தில் ஒரு கரித்துகள் சிக்கியிருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், சூடேறி நீர்த்திருக்கலாம், பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். கடைசிக் காரணம் இருக்கும்போது ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கினால் முள் பச்சைக்கு வந்துவிடும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். காரணத்தைத் தேடாமல் வால்வைத் தொடுவது நோயை மறைக்கிற வைத்தியம்.

அழுத்தத்தையும் வெப்பத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் ஏறும். சூடான எண்ணெய் நீர்த்து அழுத்தம் இறங்கும். அதனால் ஆயில் கூலருக்கு முன்னால் வெப்பமறிந்து இயங்கும் ஒரு வால்வு வைக்கப்படுகிறது. லைகமிங் எஞ்சின்களில் எண்ணெய் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ் அடையும்வரை பெரும்பகுதி கூலருக்குள் போகாமல் சுற்றி வரும்; அதற்குமேல் வால்வு அந்தக் குறுக்குவழியை மூடி எண்ணெயைக் கூலருக்குள் தள்ளும். திண்டுக்கல், மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில் ஓடுதளத்தில் காத்து நிற்கும் சிறு விமானத்துக்கு இது சோதனையான நேரம். கூலரின் ஊடே பாயக் காற்று இல்லை, எஞ்சினும் மெதுவோட்டத்தில். அப்போது விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவதுதான் விமானியின் முதல் உதவி.

ஜெட் எஞ்சினில் சிக்கல் வேறு மாதிரி. பேரிங் இருக்கும் அறைக்குள் எண்ணெய் கசிந்து வெளியேறாமலிருக்க, கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றால் அடைப்பு போடுகிறார்கள். வேகம் கூடக்கூட இந்த அறையின் அழுத்தமும் ஏறும். உள்ளே வர முயலும் எண்ணெயை அதுவே எதிர்க்கும். ஆகவே ஒரே அழுத்தத்தில் நிற்கும் தணிப்பு வால்வு எல்லா எஞ்சினுக்கும் போதாது. பல பெரிய எஞ்சின்களில் அழுத்தத்தை வேகத்தோடு சேர்ந்து ஏறவிடும் முழுஓட்ட முறை கையாளப்படுகிறது. திரும்பி வரும் எண்ணெய் காற்று கலந்து நுரைத்துப் பெருகியிருக்கும் என்பதால், அதை உறிஞ்சும் பம்புகள் அனுப்பும் பம்பைவிடக் கொள்ளளவு மிகுந்தவை. சூட்டை எரிபொருளுக்கு மாற்றும் கூலர்களில், சில வடிவமைப்புகள் எண்ணெய் அழுத்தத்தை எரிபொருளின் அழுத்தத்தைவிட உயர்வாகவே வைக்கின்றன. உள்ளே ஓட்டை விழுந்தால் எண்ணெய் எரிபொருளுக்குள் போகட்டும், எரிபொருள் எண்ணெய்க்குள் வரக் கூடாது என்பது கணக்கு.

இந்தியாவில் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாட்டின் முக்கியத்துவம் தெளிவாகத் தெரிந்தது சுகோய்-30 எம்கேஐ போர் விமானத்தில். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சேர்க்கப்பட்ட 222-ஆம் படைப்பிரிவு இதே விமானத்தைத்தான் இயக்குகிறது. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 2015 மார்ச்சில் வெளியான விவரப்படி, 2012 முதல் ஆராயப்பட்ட 69 எஞ்சின் கோளாறுகளில் 33 பேரிங் பழுதால் வந்தவை, 11 அதிர்வால், 8 எண்ணெய் அழுத்தக் குறைவால். உலோகம் களைத்துப் பேரிங்கிலிருந்து உதிர்ந்த துகள்கள் எண்ணெயில் கலந்துகொண்டிருந்தன. தயாரிப்பாளர் முன்வைத்த தீர்வுகளில் தரமான எண்ணெய், பேரிங்குக்குப் போகும் எண்ணெய் ஓட்டத்தைச் சீராக்குதல், பேரிங்கை இன்னும் துல்லியமாகப் பொருத்துதல் ஆகியவை இருந்தன. எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு என்பது ஒரு வால்வோடு முடியும் விஷயமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

துகளைப் பிடிக்க எண்ணெய் வழியில் காந்தச் செருகி வைப்பதுண்டு. அந்தச் செருகியே ஆபத்தை வரவழைத்ததும் உண்டு. 1983 மே 5 அன்று மியாமியிலிருந்து நசாவுக்குப் பறந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855, லாக்ஹீட் டிரைஸ்டார் விமானம். உள்ளே 172 பேர். அதன் மூன்று எஞ்சின்களிலும் காந்தச் செருகிகளை ரப்பர் வளையம் இல்லாமல் மாட்டியிருந்தார்கள். எண்ணெய் கசிந்து வெளியேற, நடு எஞ்சினின் அழுத்தம் முதலில் இறங்கியது. விமானிகள் அதை அணைத்துவிட்டு மியாமிக்குத் திரும்பினார்கள். மற்ற இரண்டின் முள்ளும் விழுந்தபோது, மூன்றும் ஒருசேரக் கெட முடியாது, மானியில்தான் கோளாறு என்று எண்ணினார்கள். அந்த இரண்டும் அடுத்தடுத்து நின்றுபோயின. முன்பே அணைத்து வைத்த நடு எஞ்சினை மறுபடி கிளப்பித்தான் தரையிறங்க முடிந்தது. அனைவரும் உயிர் தப்பினர். இப்படி ஒரே தவறு எல்லா எஞ்சினையும் பாதிக்காதிருக்க, இரட்டை எஞ்சினோடு நெடுங்கடல் கடக்கும் விமானங்களில், ஒரே தொழில்நுட்பர் ஒரே நேரத்தில் இரண்டு எஞ்சின்களிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்று பராமரிப்பு விதி.