காடு ஒருவருக்கு, காவல் ஊருக்கு

1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கே ஒரு விற்பனை பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. மெய்ன், நியூ ஹம்ஷயர், வெர்மொன்ட், நியூயோர்க் ஆகிய மாநிலங்களில் டயமண்ட் இன்டர்நஷனல் கம்பனிக்கு உரித்தாயிருந்த ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் காடு விலைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு மரந்தறித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தோர், தாம் தமதென எண்ணிய காடு பிறர் உடைமை என்பதை அன்றுதான் உணர்ந்தனர். வாங்குபவர் அதனைத் துண்டாடி மனைகளாக விற்றால் யார் தடுப்பது?

காடு முழுவதையும் அரசே வாங்குவதென்றால் திறைசேரி தாங்காது. ஆகவே வேறொரு வழி நாடப்பட்டது. வெர்மொன்ட் செனட்டர் பற்றிக் லேஹி செனட் விவசாயக் குழுவின் தலைவராயிருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் காட்டு மரபுரிமைத் திட்டம் இடம்பெற்றது. இதன்படி காடு உரிமையாளரிடமே இருக்கும். அதனைக் கட்டட நிலமாக்கும் உரிமையை மட்டும் அவர் விற்றுவிடுவார். செலவில் 75 வீதம் வரை மத்திய அரசு மானியமாக வழங்கும்.

நம் காணி உறுதிகளில் வழிவாய்க்கால் உரித்து எழுதப்படுவதை அறிவோம். காணி எத்தனை கைமாறினாலும் அவ்வழியை எவரும் அடைக்க முடியாது. இந்தக் காப்புறுதியும் அத்தகையதே. என்றென்றைக்கும் நிலத்தோடு ஒட்டியிருப்பது.

2003இல், கனெக்டிகட் ஆறு பிறக்கும் ஏரிகளைச் சூழ்ந்த சுமார் 1,46,000 ஏக்கர் காட்டுக்கு இத்தகைய உறுதி எழுதப்பட்டது. அதனைக் கண்காணிக்கும் பொறுப்பு நியூ ஹம்ஷயர் மாநிலத்துக்குரியது. வீடுகள் எழவில்லை, மரத்தொழில் தொடர்ந்தது.

ஆனால் 2022இல் அக்காடு, காபன் வரவு விற்பனையை நோக்காகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மரங்களை வெட்டாது விடுவதே அதற்கு வருவாய். அறுவடை குறைந்தால் தொழிலும் ஊர்களுக்குச் சேரும் மரவரியும் குறையுமே என ஊரவர் அஞ்சினர். காடு பிழைத்தது, காட்டை நம்பியோர் கலங்கினர்.

எதைச் செய்யலாகாது என்று எழுதுவது எளிது. எது தொடர வேண்டும் என்று எழுதுவதே அரிது. என்றென்றைக்கும் என எழுதும் கை, இன்னும் பிறவாதவர்களுக்காகவும் எழுதுகிறது. மானியம் காட்டுக்கு மட்டுமன்று, அந்த எழுத்துக்குமான விலை. எழுத்தில் விடுபட்டதைப் பின்னாளில் எந்தப் பணமும் எளிதில் ஈடுசெய்யாது.