150 நாள் தண்ணீர்

விளையாட்டு ஆரம்பித்ததும் உங்களிடம் சொல்லப்படுவது இவ்வளவுதான்: பதுங்கு நகரத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் ஒரு சிப் பழுதாகிவிட்டது. மாற்று சிப் இல்லை. இருக்கிற தண்ணீர் 150 நாள் தாங்கும். வெளியே போய் ஒன்றைத் தேடிக்கொண்டு வா.

பிறகு இரும்புக் கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது. வெளியே ஒரு குகை, சில எலிகள், உங்களுக்கு முன்னால் அனுப்பப்பட்ட ஒருவரின் எலும்புக்கூடு. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லித்தர யாரும் வருவதில்லை. போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் கிடையாது. எலும்புக்கூடுதான் முதல் பாடம்.

இது 1997 அக்டோபரில் வெளிவந்த ஃபால்அவுட். 2024இல் வந்த தொடரைப் பார்த்துவிட்டு இந்த உலகத்துக்குள் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் பழைய முதல் விளையாட்டை வாங்கித் திறந்துவிட்டு, பத்து நிமிடத்தில் எலி கடித்துச் செத்து, "இதை எப்படித்தாங்க விளையாடுறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் பட்டன்களில் இல்லை. ஒரு வரலாறாகத்தான் அதைச் சொல்ல முடியும்.

காகிதத்தில் இருந்த உலகம்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் இருப்பார்கள். வாளும் மந்திரமும் இருந்த இடத்தில் விண்கலத்தை வைத்துப் பார்த்தது 1977இல் வந்த டிராவலர். அதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் பாத்திரத்தின் கடந்தகாலத்தைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும்போதே அந்தப் பாத்திரம் செத்துப்போகலாம். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே அவுட்.

மேசையில் கதை நடத்துகிறவரிடம் நீங்கள் எதையும் கேட்கலாம். "கதவை உடைக்காமல் காவலாளியிடம் பொய் சொல்லிப் பார்க்கவா?" என்றால் அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பகடையை உருட்டச் சொல்வார். கம்ப்யூட்டரிடம் அப்படிக் கேட்க முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்ததைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் இந்த வகை விளையாட்டுகளின் மொத்த வரலாறும்.

1988இல் இன்டர்ப்ளே உருவாக்கிய வேஸ்ட்லேண்ட் இதற்குப் பெரிய முயற்சி செய்தது. அணுப்போருக்குப் பிறகான அமெரிக்கப் பாலைநிலம், அதில் ஒழுங்கைக் காக்க முயலும் ரேஞ்சர்கள். பிரையன் ஃபார்கோ, ஆலன் பாவ்லிஷ் ஆகியோரோடு, காகித விளையாட்டுகளை வடிவமைத்துப் பேர் வாங்கிய கென் செயின்ட் ஆண்ட்ரே, மைக்கேல் ஸ்டாக்போல் இருவரும் இதில் வேலை செய்தார்கள். நீங்கள் கொன்றவர்கள் செத்தவர்களாகவே இருந்தார்கள், உடைத்தவை உடைந்தே கிடந்தன. மாற்றங்கள் எல்லாம் ஃப்ளாப்பியிலேயே பதிவாகிவிடும். அதனால் ஆடும் முன் வட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியில்தான் ஆட வேண்டும்.

ஆனால் ஃப்ளாப்பியில் இடம் ஏது? கதையின் முக்கியப் பத்திகளை எண் போட்டு ஒரு சிறு புத்தகமாக அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். திரையில் "இன்ன எண் பத்தியைப் படி" என்று வரும், நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிடும் குறுக்குப்புத்திக்காரர்களை ஏமாற்ற, நடுநடுவே பொய்ப் பத்திகளையும் சேர்த்தார்கள். விளையாட்டிலேயே இல்லாத ஒரு செவ்வாய்க் கிரகக் கதை அந்தப் பொய்களுக்குள் ஓடியது. படிப்பதே ஆடுவதின் பாதி என்று ஒரு விளையாட்டு அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது.

உரிமம் போனது, எண்கள் வந்தன

வேஸ்ட்லேண்டை வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். பெயரின் உரிமையும் அவர்களிடம் தங்கிவிட்டது. இன்டர்ப்ளே அதே மாதிரியான உலகத்துக்குத் திரும்ப விரும்பியபோது வேறு பெயர் தேவைப்பட்டது.

1994இல் டிம் கெய்ன் என்ற நிரலாளர் கிட்டத்தட்டத் தனியாகவே ஒரு விளையாட்டு எஞ்சினை எழுதத் தொடங்கினார். அது முதலில் கர்ப்ஸ் என்ற காகித விளையாட்டின் விதிகளை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கர்ப்ஸின் சொந்தக்காரர் ஸ்டீவ் ஜாக்சன். விளையாட்டு முடியும் தறுவாயில், 1997இல், அந்த உரிமம் கைநழுவியது. உருவாக்கியவர்கள் பின்னாளில் சொன்னபடி, வன்முறையின் அளவு குறித்த கருத்து வேறுபாடுதான் காரணம். இன்னொரு பக்கம் டயாப்லோ வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. இதையும் அதுபோல நொடிக்கு நொடி அடித்து நொறுக்குவதாக, பலர் சேர்ந்து ஆடுவதாக மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குள்ளேயே அழுத்தம். கெய்ன் அதற்கு இணங்கவில்லை.

போன விதிகளுக்குப் பதிலாகச் சில வாரங்களில் ஒரு புதிய விதிமுறையை உருவாக்கினார்கள். உடல்பலம், புலனறிவு, தாங்கும் திறன், ஆளுமைக் கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஸ்பெஷல். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பு. எல்லாம் ஐந்தில் தொடங்கும், மேலே ஐந்து புள்ளிகள் உங்கள் கையில். ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். பிறகு 18 திறமைகள். அதில் மூன்றை மட்டும் உங்களுடையவை என்று குறித்துக்கொள்ளலாம்.

பார்க்கக் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் மேசையில் கதை நடத்தியவரின் வேலையை இந்த எண்கள்தான் எடுத்துக்கொண்டன.

முட்டாளாக ஆடிப் பாருங்கள்

அறிவை மூன்றுக்குக் கீழோ மூன்றாகவோ வைத்து ஒரு பாத்திரத்தை உருவாக்குங்கள். வெளியே போய் யாரிடமாவது பேச முயன்றால், உங்களுக்குக் கிடைக்கும் பதில்கள் முனகலும் உளறலும்தான். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், அல்லது விரட்டுவார்கள். பல பணிகள் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதே ஊர், அதே ஆட்கள், அதே எழுத்தாளர்கள். ஆனால் உலகம் உங்களிடம் வேறு மாதிரிப் பேசுகிறது.

அதுவரை பெரும்பாலான விளையாட்டுகளில் "அறிவு" என்பது மந்திரத்தின் வலிமையைக் கூட்டும் ஒரு எண். இங்கே அது உங்களை மற்றவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதன் அளவு. இந்த இடத்தில்தான் கணக்கு கதையாகிறது.

தாண்டியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஷேடி சாண்ட்ஸ் என்ற சிற்றூரின் தலைவர் ஆராதேஷ். அவர் மகள் தாண்டியைக் கான்ஸ் என்ற கொள்ளைக் கூட்டம் தூக்கிப்போய்விடுகிறது. மீட்க என்ன செய்யலாம்? எல்லாரையும் சுட்டுத் தள்ளலாம். பணம் கொடுத்து மீட்கலாம். கூட்டத்தலைவன் கார்லோடு ஒற்றைக்கு ஒற்றை மோதலாம். பதுங்கிப் போய்ப் பூட்டைத் திறக்கலாம். அதிர்ஷ்டம் நிறைய இருந்து, ஏற்ற உடையோடும் போனால், செத்துப்போன தன் அப்பாவின் ஆவி வந்துவிட்டதாகவே கார்ல் நினைத்து நடுங்குவான். எதுவும் செய்யாமல் உங்கள் வழியில் போனாலும் விளையாட்டு உங்களைத் தடுக்காது.

1998இல் வந்த ஃபால்அவுட் 2, எண்பது வருடம் கழித்து நடக்கிறது. அதில் தாண்டி ஒரு முதிய பெண். அந்தச் சிற்றூர் குடியரசாகி வளர்ந்திருக்கிறது, அவர்தான் அதன் குடியரசுத் தலைவர். முதல் விளையாட்டில் ஒரு பூட்டைத் திறந்த கை, இரண்டாவதில் ஒரு நாட்டின் வரலாறாகிவிடுகிறது.

எவர் தண்ணீர்?

150 நாள் கெடு சும்மா மிரட்டல் அல்ல. வரைபடத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்தால் நாட்கள் ஓடும். காயம் ஆறப் படுத்திருந்தாலும் ஓடும். தண்ணீர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஹப் என்ற வணிக நகரத்தில் பணம் கொடுத்து உங்கள் மக்களுக்குத் தண்ணீர் வண்டிகளை அனுப்பச் சொல்லலாம், 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல ஐடியா மாதிரித்தான் தோன்றும். ஆனால் வண்டிகள் போன தடம் உங்கள் பதுங்கு நகரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சிப் கடைசியில் கிடைப்பது நெக்ரோபோலிஸ் என்ற இடிந்த நகரத்துக்கு அடியில். அங்கே வாழ்கிறவர்கள், கதிர்வீச்சில் தோல் உரிந்தும் சாகாமல் இருக்கும் கூல்கள். அந்தச் சிப்தான் அவர்களுக்கும் தண்ணீர் தந்துகொண்டிருக்கிறது. எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். திரையில் வெற்றி என்றே வரும், சட்டப்படி உங்கள் வேலை முடிந்தது. அல்லது, அங்கே பழுதாகிக் கிடக்கும் பழைய பம்ப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு சிப்பை எடுக்கலாம். அதற்கு உதிரிபாகங்களைத் தேட வேண்டும், பழுதுபார்க்கும் திறமையும் வேண்டும். துப்பாக்கிக்கே எல்லாப் புள்ளிகளையும் போட்டவனுக்கு இந்த நல்லது செய்வது கஷ்டம். நல்லவனாக இருக்க ஆசை மட்டும் போதாது, கையில் தொழிலும் இருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டு சொல்கிறது. பிரசங்கம் செய்யாமல், ஒரு பம்ப்பை வைத்துச் சொல்கிறது.

கடைசி எதிரியிடம் பேசுவது

இந்த வகை விளையாட்டுகளின் இறுதியில் ஒரு ராட்சத எதிரி இருப்பான். அவனை அடித்துக் கொல்வதற்காகத்தான் முப்பது மணி நேரம் உழைத்திருப்போம். ஃபால்அவுட்டின் இறுதியில் இருப்பவன் மாஸ்டர். மனிதனும் இயந்திரமும் சதையும் கலந்து உருகிப்போன ஒரு பிண்டம். ஆண் குரலும் பெண் குரலும் இயந்திரக் குரலும் மாறி மாறி ஒலிக்கும். அவனுக்கு ஒரு கொள்கை உண்டு: மனிதர்களுக்குள் வேறுபாடு இருப்பதால்தான் போர் வருகிறது, எல்லாரையும் ஒரே இனமாக, சூப்பர் மியூட்டன்ட்களாக, மாற்றிவிட்டால் போரே இருக்காது.

அவனைச் சுடலாம். அந்தக் கட்டடத்தையே வெடிக்க வைக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஒருவர், செத்த மியூட்டன்ட்டை அறுத்துப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்று கிடைக்கும். மியூட்டன்ட்களால் பிள்ளை பெற முடியாது என்கிறது அது. இதைத் தேடிப் படித்து, கையில் எடுத்துக்கொண்டு, அவன் முன்னால் போய்ப் பேச வேண்டும். அவன் நம்ப மாட்டான். சரிபார்ப்பான். தன் புது இனம் ஒரே தலைமுறையோடு அழியும் என்பதும், இதுவரை செய்த கொடுமைகள் எதற்கும் பொருளில்லை என்பதும் அவனுக்கு உறைக்கும். உங்களை ஓடிப்போகச் சொல்லிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்வான்.

ஒரு குண்டு கூட இல்லை. ஆதாரம், அதைச் சொல்லும் திறமை, கேட்கத் தயாராக இருக்கும் ஒரு எதிரி. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவதுதான். மாஸ்டர் கெட்டவன், ஆனால் நேர்மையானவன். தவறென்று நிரூபித்தால் ஏற்கும் ஒருவனை வில்லனாக எழுதியதால்தான் இந்த முடிவு சாத்தியமானது.

வேலை முடிந்து வீட்டுக்கு வருவீர்கள். வாசலிலேயே நகரத்தின் மேற்பார்வையாளர் நிற்பார். நீ எங்களைக் காப்பாற்றினாய், ஆனால் நீ மாறிவிட்டாய், உன்னைப் பார்த்து இளைஞர்கள் எல்லாரும் வெளியே கிளம்பிவிடுவார்கள், அதனால் உனக்கு இங்கே இடமில்லை. அவ்வளவுதான். பாலைவனத்தை நோக்கித் தனியாக நடக்கிறது உங்கள் உருவம்.

பிறகு

கெய்னும் அவரோடு இருந்த லியோனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் இருவரும் 1998இல் விலகி ட்ரோய்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்டர்ப்ளேயின் பிளாக் ஐல் பிரிவு 2003இல் மூடப்பட்டது. ஃபால்அவுட்டின் உரிமை 2007இல் பெதஸ்டாவுக்குப் போனது, 2008இல் ஃபால்அவுட் 3 வந்தது.

அந்த விளையாட்டு இந்தியாவில் வெளியாகவில்லை. பண்பாட்டு உணர்வுகளைக் கருதி வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, எது என்று குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பலர் ஊகித்தது முதல் விளையாட்டிலிருந்தே மேய்ந்துகொண்டிருக்கும் இரட்டைத்தலை மாட்டை. அதன் பெயர் பிராமின். அமெரிக்காவில் உண்மையிலேயே பிரம்மன் என்றொரு மாட்டினம் உண்டு. ஓங்கோல், கிர் போன்ற நம் நாட்டு மாடுகளின் வாரிசு அது. நம் மாடு கடல் தாண்டிப் போய், கற்பனை அணுப்போரில் இரண்டு தலை முளைத்து, திரும்பி வரும்போது வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

சரி, எப்படி விளையாடுவது? சில நடைமுறை விஷயங்கள். சுறுசுறுப்புக்கு நிறையக் கொடுங்கள், சண்டையில் ஒரு முறைக்கு எத்தனை செயல் செய்யலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சிறு துப்பாக்கிகளையும் பேச்சையும் உங்கள் திறமைகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஷேடி சாண்ட்ஸை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கயிறு சம்பாதித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதுங்கு நகரத்தில் கீழே இறங்கத் தேவைப்படும். ஒரே சேவ் கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டியை மட்டும் முதல் தடவை திறக்காதீர்கள். அது சரியான பதில்களைத் தரும், ஆனால் இந்த விளையாட்டு சரியான பதிலைக் கேட்கவே இல்லை. உங்கள் பேச்சுத் திறமை போதாமல் ஒருவன் சாகட்டும். பம்ப்பைச் சரிசெய்யத் தெரியாமல் சிப்போடு திரும்புங்கள், கூல்களின் ஊர் என்ன ஆனது என்பதை இறுதிக் காட்சியில் பாருங்கள். உடனே பழைய சேவை ஏற்றித் திருத்திவிடத்தான் கை பரபரக்கும். திருத்தாமல் அதோடு வாழ்ந்து பாருங்கள். ஏழு எண்களை வைத்து நீங்கள் உருவாக்கிய ஆளுக்கு அப்போதுதான் முகம் முளைக்கும்.