உறவைத் தேடிய வலையும் புகழைத் தேடும் மனமும்

பிறர் தம்மை அறிய வேண்டும், புகழ வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. அந்த ஆசையை எண்ணிக் காட்டும் அளவுகோல் ஒன்று நம் காலத்தில் கிடைத்திருப்பதே புதிது.

1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிக்ஸ் டிகிரீஸ்' இன்றைய சமூக வலைத்தளங்களின் முன்னோடிகளுள் ஒன்று. தம் விவரத்தைப் பதிந்து, நண்பர்களைப் பட்டியலிட்டுத் தொடர்பில் இருப்பதே அதன் பயன். பின்னர் 2003-இல் லிங்க்ட்இன், 2004-இல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும், 2005-இல் யூடியூப் எனத் தளங்கள் பெருகின. கடல் கடந்து வாழும் உறவினரோடு பேச வழி பிறந்தது. உறவைப் பேணுவதை வலியுறுத்தும் நம் மார்க்கத்தின் பார்வையில் இது ஒரு நிஃமத்தே.

2009-இல் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானை அறிமுகப்படுத்தியது. நலம் விசாரிக்க வந்தவர்கள் விருப்பங்களை எண்ணத் தொடங்கினர். 2010-இல் இன்ஸ்டாகிராம் வந்தது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் 'செல்ஃபி'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தனர். இத்தளங்களின் வருவாய் பெரிதும் விளம்பரத்தால் வருவது. நாம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறோமோ அவ்வளவு இலாபம். ஆகவே நம் புகழாசையே அவற்றின் மூலதனமாயிற்று.

இந்நோயை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமை ஆசிரியராக விளங்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ 300 மாணவர்கள் பயின்றனர். கற்பிக்கும் தம் நிய்யத்தை அவர்கள் ஆராய்ந்தபோது, அது அல்லாஹ்வுக்காக அன்றிப் பதவியையும் புகழையும் நாடியிருக்கக் கண்டார்கள். பல மாதம் மனம் போராடியபின், ஹிஜ்ரி 488-இல் (1095) அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அவர்கள் இயற்றிய 'இஹ்யா'வில் புகழாசைக்கும் முகஸ்துதிக்கும் தனிப் பகுதியே உண்டு.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே. மறைவாக ஏழைகளுக்கு வழங்குவது அதனினும் மேலானது என்று திருக்குர்ஆன் (2:271) வழிகாட்டுகிறது. ரமளானில் அரிசிப்பை வழங்குவோர் படம் எடுக்கையில், வாங்குபவரின் தலை தாழ்ந்திருப்பதை நாம் காண்கிறோம். கொடுத்தவரின் பெயர் பரவுகிறது. பெற்றவரின் கண்ணியம் கரைகிறது. நிதி வழங்கியோருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமெனில் பைகளின் படமே போதும்; முகங்கள் வேண்டியதில்லை.

வலைத்தளத்தை விட்டோடுதல் தீர்வன்று. பதிவிடுமுன், 'இதை எவரும் பாராவிடினும் இந்த அமலைச் செய்வோமா?' என நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அமல்களில் இக்லாஸை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.