ராமானுஜனின் கடைசி வருஷமும் ஜானகியின் முதல் வருஷமும்

டிசம்பர் பிறந்தால் நம் ஜனங்களுக்கு ஒரு கணக்குப் பார்க்கும் புத்தி வந்துவிடும். இந்த வருஷம் என்ன கிழித்தோம்? வீட்டுக் கடனில் எவ்வளவு கழிந்தது, பதவி உயர்வு வந்ததா, பையன் எந்த வகுப்பு, ஊருக்கு எத்தனை தடவை போய் வந்தோம். ஐரோலியில் எங்கள் பக்கம் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் கடைசி வாரத்தில் இந்தப் பேச்சுதான். போதாக்குறைக்கு டிசம்பர் 22 தேசியக் கணித தினம் வேறு. 2012-லிருந்து கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ராமானுஜனைப் பற்றி எழுதி வரச் சொல்வார்கள். நாமும் உட்கார்ந்து உதவி செய்வோம்: ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் படித்தார், துறைமுகத்தில் குமாஸ்தா, ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், எஃப்.ஆர்.எஸ். கடைசி வரி எல்லா நோட்டுகளிலும் ஒன்றுதான்: "நோயுற்று இந்தியா திரும்பிய அவர் 1920-ல் காலமானார்."

அந்த ஒரு வரிக்குள் பதின்மூன்று மாதம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். காரணம், அது தொடங்கிய இடம் நம்ம பம்பாய்.

1919 பிப்ரவரி 27 அன்று லண்டனில் 'நகோயா' என்ற கப்பலில் ஏறிய ராமானுஜன், மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கினார். வயது 31. ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1914 மார்ச் 17-ல், சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' கப்பல் ஏறியபோது நன்றாகச் சதைப்பிடிப்பாக இருந்தவர். இப்போது எலும்பும் தோலும். இடையில் ஒரு உலகப் போர் முடிந்திருந்தது. 1918-ல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாகத்தான் அந்தப் பெரிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது. அது கோடிக்கணக்கான பேரைக் கொண்டுபோயிருந்தது. 2020-ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரௌலட் சட்டம் அப்போதுதான் நிறைவேறி, ஏப்ரல் 6 கடையடைப்புக்கு காந்தி அழைப்பு விட்டிருந்தார். அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த ஊரில்தான் நம் ஆள் வந்து இறங்கினார்.

வரவேற்க அம்மா கோமளத்தம்மாள் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். கூடத் தம்பி லட்சுமிநரசிம்மன். ராமானுஜன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் விஷயம், "அவள் எங்கே?" என்பதுதானாம்.

அவள் ஜானகி. அன்றைக்கு ஆறு நாள் முன்னால்தான் அவருக்கு இருபது வயது நிறைந்திருந்தது. அவர் திருச்சிப் பக்கம் ராஜேந்திரம் என்ற பிறந்த ஊரில் இருந்தார். புருஷன் எந்தக் கப்பலில் எப்போது வருகிறார் என்ற சேதி மாமியார் வீட்டிலிருந்து அவருக்குப் போகவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கல்யாணம் நடந்தது 1909 ஜூலையில், ஜானகிக்குப் பத்து வயது. அன்றைய வழக்கப்படி சில வருஷம் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு, 1912-ல்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம். அடுத்த வருஷமே பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. கையில் நாலு காசு புழங்கிய காலம் என்றாலும், சின்னப் பெண் மாமியாரோடுதான் இருந்தாள். புருஷனோடு தனியாகப் பேசவே வாய்ப்புக் குறைவு. பிறகு அவர் கப்பலேறிவிட்டார். அப்போது ஜானகிக்கு இன்னும் பதினைந்து நிறையவில்லை.

அதன் பிறகு ஐந்து வருஷம். இவர் எழுதிய கடிதங்கள் அவரிடம் போகவில்லை. அவர் எழுதியவை இவர் கைக்கு வரவில்லை. நடுவில் நிறுத்தியது மாமியார்தான் என்று ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் ராமானுஜனோ வீட்டிலிருந்து கடிதமே இல்லை என்று வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார். ஜானகி தன் சகோதரரின் கல்யாணத்துக்கு என்று கராச்சிக்குப் போனவர், மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ட்ரினிட்டி ஃபெல்லோ, ராயல் சொசைட்டி எல்லாம். 1918-ன் சாதனைப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். அதே வருஷம் அவர் சானடோரியங்களில் கிடந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். கோமளத்தம்மாளை வில்லியாக்குவது சுலபம். நிறையப் பேர் செய்கிறார்கள். பிள்ளையைக் கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாதவனாகவே பொத்திப் பொத்தி வளர்த்த தாய் அவர். கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரத்தையும் மீறி, நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்தாள் என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பி வைத்தவரும் அவர்தான். ஆனால் அனுப்பி வைத்தவர்களுக்குத் தாங்கள்தான் சொந்தக்காரர்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளை, ஊரில் மாமியார் மருமகள், நடுவில் ஒரே ஒரு தொலைபேசி. எழுபது எண்பதுகளில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்தத் தமிழ்த் தெருவிலும் இந்தக் கதை இருக்கும். இப்போது ஆளுக்கொரு செல்போன் வந்து அந்த ஒரு தொல்லை தீர்ந்தது.

சரி, பம்பாய்க்கு வருவோம். சில நாள் கழித்து ரயிலேறி, ஏப்ரல் 2 அன்று சென்னை போய்ச் சேர்ந்தார்கள். சில நாட்களில் ஜானகியும் சகோதரரோடு வந்து சேர்ந்தார். அப்போதுதான், கல்யாணமாகிப் பத்தாவது வருஷம் முடியும் தறுவாயில், இவர்கள் குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள் என்று சொல்லலாம்.

ராமானுஜனுக்குப் பணக் கஷ்டம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு என்று தீர்மானம் போட்டிருந்தது. அதற்கு அவர் 1919 ஜனவரி 11 அன்று இங்கிலாந்திலிருந்தே எழுதிய பதிலை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். இது என் தேவைக்கு மிக அதிகம். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, என் அத்தியாவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைக் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும். எஃப்.ஏ. பரீட்சையில் தவறி, பட்டினி கிடந்து, யார் யார் வாசலிலோ நின்றவர் எழுதியது அது.

உடம்புதான் கேட்கவில்லை. காசநோய் என்று அப்போது வைத்தியம் பார்த்தார்கள். 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசிவிட்டு, அது அமீபாவால் கல்லீரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் அன்றைக்கே குணப்படுத்தக்கூடியது. படிக்கும்போது வயிறு எரிகிறது, என்ன செய்ய.

வெயிலுக்குப் பயந்து சென்னையிலிருந்து காவிரிக் கரையில் கொடுமுடிக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்னச் சம்பவம். என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் பெரிய சம்பவம் அதுதான். ஆவணி அவிட்டம். பூணூல் மாற்றிக்கொள்ள ஆற்றுக்குப் போக வேண்டும். ஜானகியும் வரட்டும் என்றார் ராமானுஜன். கூடாது என்றார் அம்மா. வாழ்நாளில் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை, குரலை உயர்த்தாமல், அவள் வரட்டும் என்று இன்னொரு தடவை சொன்னார். ஜானகி போனார்.

அவ்வளவுதான். ஆற்றங்கரைக்கு ஒரு நடை. எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது. ஆனால் அதிலிருந்து வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பது மாறியது. நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு மெல்ல ஜானகி கைக்கு வந்தது.

செப்டம்பரில் கும்பகோணம். உடம்பு இன்னும் மோசமாக, 1920 ஜனவரியில் மறுபடியும் சென்னை, இந்தத் தடவை சேத்துப்பட்டு. நம்பெருமாள் செட்டியார் தன் பங்களாக்களை விட்டுக் கொடுத்தார். முதலில் இருந்த பங்களாவின் பெயர் 'க்ரைனன்ட்'. 'க்ரை' என்றால் அழுகை ஆயிற்றே என்று அந்தப் பெயர் ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் 'கோமெத்ரா'வுக்கு மாறினார்கள். சேத்துப்பட்டு என்றால் எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்துவிடும் என்று அர்த்தம் என வேடிக்கையாகவும் சொல்வாராம். சிரிக்க முடிகிறதா பாருங்கள்.

இந்த நிலையில்தான் 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு ஒரு கடிதம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்குப் போகிறார்: 'மாக் தீட்டா' சார்புகள் என்று புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். பதினேழு உதாரணங்கள் இருந்தன. அவை உண்மையில் என்ன ஜாதிக் கணக்கு என்று உலகம் முழுதாகப் புரிந்துகொள்ள 2002 வரை ஆயிற்று. ஸ்வெகர்ஸ் என்ற டச்சுக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வில் அவிழ்த்தார். இன்றைக்குக் கருந்துளை ஆராய்ச்சியிலெல்லாம் அது எட்டிப் பார்க்கிறது.

அந்த அறையில் நடந்ததை நாம் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒரு பக்கம், தாள் தாளாகக் கணக்கு. பின்னாளில், 1976-ல், ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியில் கண்டெடுத்து 'தொலைந்த நோட்டு' என்று பெயர் பெற்றதே, அது பெரும்பாலும் இந்த வருஷத்து எழுத்து. 600-க்கு மேற்பட்ட சூத்திரங்கள். இன்னொரு பக்கம், வேளாவேளைக்குச் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர். வலி என்றால் காலுக்கும் நெஞ்சுக்கும் வெந்நீர் ஒத்தடம். அதை ஜானகி செய்தார். இரண்டாவது இல்லாமல் முதலாவது நடந்திருக்குமா? கணிதக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களுக்குச் சூத்திரம் போதும். நீயும் என்னோடு இங்கிலாந்து வந்திருந்தால் எனக்கு நோயே வந்திருக்காது என்று அவர் சொன்னதாக ஜானகி நினைவுகூர்ந்திருக்கிறார். போர்க்காலத்து கேம்பிரிட்ஜில் தனியாக ஒரு அறையில், நினைத்த நேரத்தில் சமைத்து, நினைக்காவிட்டால் பட்டினி கிடந்த சைவச் சாப்பாட்டுக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமல் போகாது.

1920 ஏப்ரல் 26 காலை முடிந்துவிட்டது. வயது 32. கடல் தாண்டிப் போனவர், ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்துகொள்ள உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் எழுதிய காகிதங்களைச் சிலர் எடுத்துப் போய்விட்டார்கள் என்றும் ஜானகி சொல்லியிருக்கிறார்.

ஜானகிக்கு இருபத்தொரு வயது. பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. மாமியார் வீட்டில் இனி என்ன இருக்கிறது? சகோதரர் பம்பாயில் இருந்தார். அவரிடம் வந்தார்.

நான் இந்தக் கதையில் முதலில் நின்றுபோன இடம் இதுதான். ராமானுஜன் வந்து இறங்கிய அதே ஊருக்கு, அவரை எதிர்கொள்ள வர முடியாமல் போன பெண், அவர் இறந்த பிறகு பிழைக்க வருகிறார். எட்டு வருஷத்துக்குக் குறையாமல் பம்பாயில் இருந்திருக்கிறார். மாட்டுங்காவில் தமிழர்கள் குடியேறிப் பெருகிக்கொண்டிருந்த காலம்; நாம் பெருமை பேசும் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளிகூட 1932-ல்தான் வந்தது. இங்கேதான் ஜானகி தையல் கற்றார், எம்பிராய்டரி கற்றார், கொஞ்சம் ஆங்கிலமும் கற்றார். இளம் விதவை மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த நாளில், கையில் ஒரு தொழிலைக் கொடுத்தது இந்த ஊர்.

1931-ல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணி ஹனுமந்தராயன் கோயில் தெருவில் குடியேறினார். புருஷனோடு முன்பு வாழ்ந்த அதே தெரு. பல்கலைக்கழகம் கொடுத்த மாதம் இருபது ரூபாய் ஓய்வூதியமும் தையலும்தான் வருமானம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். 1950-ல் ஒரு சிநேகிதி இறந்தபோது அவளுடைய சின்னப் பையனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். அந்தக் கடிதத்தில் ராமானுஜன் ஏழைக் குழந்தைகளுக்குக் கேட்டதை, பவுண்டு எதுவும் இல்லாமலேயே ஒரு குழந்தைக்குச் செய்து முடித்தார்.

ஹார்டி 1936-ல், ராமானுஜனின் நல்ல படம் ஒன்று கிடைக்குமா என்று எஸ். சந்திரசேகரிடம் கேட்டார். (பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்.) சந்திரசேகர் சென்னை வந்தபோது ஜானகியைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அவரிடம் பழைய பாஸ்போர்ட் இருந்தது. 1919-ல் ஊர் திரும்புவதற்காக எடுத்தது. அதில் ஒட்டியிருந்த படம்தான் நாம் எல்லோரும் பார்க்கிற அந்த முகம். பிள்ளைகள் நோட்டில் ஒட்டுவதும் பெரும்பாலும் அதுதான்.

சிலை வைக்கிறோம் என்று வெகுநாள் முன்பு சொன்னார்களே, எங்கே என்று எண்பது வயதைத் தாண்டிய ஜானகி ஒரு பேட்டியில் கேட்டார். அரசாங்கம் அசையவில்லை. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆஸ்கி பல நாட்டுக் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு, அந்தப் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தே ஒரு மார்பளவுச் சிலை செய்வித்தார். 1985-ல் அது ஜானகியின் வீட்டுக்கு வந்தது. 1994 ஏப்ரல் 13 அன்று 95-ஆவது வயதில் அவர் இறந்தார். சேத்துப்பட்டில் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் பல்லாண்டு கழித்தும் பத்திரமாக வைத்திருந்தாராம்.