பிடியும் பேறும்

‘கெட்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் பொருள் தேடினால் முதலில் வந்து நிற்பது ‘பெறு’. அதை மட்டும் நம்பி ஒரு மாணவன் மொழிபெயர்க்க உட்கார்ந்தால், சளி பெறுவான், அடி பெறுவான், மழையில் ஈரம் பெறுவான், கடைசியில் திருமணமும் பெறுவான். நான்கு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் எந்தத் தமிழ் வாயும் அப்படிச் சொன்னதில்லை. சளி நம்மைப் பிடிக்கும். அடியை நாம் வாங்குவோம். மழையில் நனைவோம். கல்யாணம் ஆகும். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து வினை ஒன்று தனியாளாகச் செய்து முடிக்கும் வேலைக்குத் தமிழ் தனித்தனி ஆட்களை அனுப்புகிறது.

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு இந்த வினையோடு நெடுநாள் பகை. கட்டுரை நோட்டில் அதன் இறந்தகால வடிவமான ‘காட்’ என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ‘ரிசீவ்ட்’, ‘அப்டெய்ன்ட்’, ‘பிகேம்’ என்று மேலே எழுதுவது பல தலைமுறை வழக்கம். தமிழ் எழுத்தில் எழுதும்போது ‘கெட்’ என்பது ‘கெட்ட’ என்பதன் பாதியாகவே தெரிவதால், நம் ஆசிரியர்களுக்கு அந்தப் பகை இன்னும் எளிதாக வாய்த்தது போலும். உண்மையில் அந்த வினை செய்த குற்றம் ஒன்றுதான்: எங்கு கூப்பிட்டாலும் வந்துவிடுகிறது. அழைத்த இடத்துக்கெல்லாம் போகிறவருக்கு மதிப்புக் குறைவது ஊர் உலக வழக்கம்.

அந்த எளிமைக்குப் பின்னால் ஒரு கடற்பயணம் இருக்கிறது. ‘கெட்’ இங்கிலாந்தின் சொந்தப் பிள்ளை அல்ல. வடகடலைத் தாண்டி வந்து கொள்ளையடித்து, பிறகு கிழக்கிலும் வடக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ‘கெட்டா’ என்ற சொல்லே அதன் மூலம். ஏறத்தாழ 1200-ஐ ஒட்டி ஆங்கில ஏடுகளில் அது தலைகாட்டுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இதே வேரிலிருந்து கிளைத்த வினை உண்டு. ஆனால் அது தனியாக நடமாடாமல் முன்னொட்டோடு சேர்ந்தே வந்தது. அதன் முதலெழுத்தையும் ‘ய’கரம் போலத்தான் ஒலித்தார்கள். ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்தில் ‘மறத்தல்’ என்பதற்கு ‘ஃபொர்யெட்டன்’ என்ற வடிவம் காணப்படுவது அந்தப் பழைய ஒலியின் மிச்சம். ஸ்காண்டிநேவியரான அந்த வடவர் வராமல் இருந்திருந்தால் இன்று ஆங்கிலேயர் ‘கெட்’ என்பதை ‘யெட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ‘கிவ்’ என்ற வினையின் வன்மையான தொடக்க ஒலிக்கும் அதே வடவர்தான் காரணம் என்பார்கள். கொடுக்கவும் வாங்கவுமான இரண்டு அன்றாட வினைகளும் அந்நியர் நாக்கில் திருந்தி வந்தவை.

இப்படி இரு வடிவங்கள் ஒரே தீவில் மோதிக்கொண்டதற்கு அச்சுக்கலைஞர் வில்லியம் காக்ஸ்டன் ஒரு நல்ல கதை விட்டுப்போயிருக்கிறார். 1490-இல் வெளியிட்ட நூல் ஒன்றின் முன்னுரையில் அது வருகிறது. தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்துக் கிடந்த வணிகர்கள் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். வீட்டுக்காரப் பெண், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிடுகிறார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிறகு இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும்தான் முட்டைக்குத்தான் இவ்வளவு அமளி என்று அந்த அம்மாளுக்குப் புரிந்தது. ‘ஐரன்’ தென் இங்கிலாந்தின் பழஞ்சொல். ‘எக்’ வடவர் கொண்டுவந்தது. பின்னாளில் வென்றது வடவர் முட்டை. ‘கெட்’டும் அதே வழியில் வென்றது.

வேரைத் தோண்டினால் கதை இன்னும் சுவைக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதையில் ‘பற்றிப்பிடித்தல்’ என்ற பொருளுள்ள ஒரு வேர் இருந்ததாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதன் ஒரு கிளை வடக்கே போய்க் ‘கெட்’ ஆனது. இன்னொரு கிளை லத்தீனில் ‘ப்ரெஹெந்தெரே’ ஆனது. பிடித்து அடைத்துவைக்கும் ‘ப்ரிசன்’ அந்த லத்தீன் கிளையில் பூத்தது. புலி பிடிக்கும் இரையான ‘ப்ரே’, தொழிலைக் கைக்கொள்ள வந்த ‘அப்ரென்டிஸ்’, பொருளை அறிவால் பற்றும் ‘காம்ப்ரிஹெண்ட்’ எல்லாம் அதன் உறவுகள். ஆக, ஆங்கிலேயர் ஒருவர் ‘ஐ கெட் இட்’ என்றாலும், ‘ஐ காம்ப்ரிஹெண்ட்’ என்றாலும், ஒரே கைதான் இரண்டு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. முதலாவது வீட்டுச் சட்டை. மற்றது நீதிமன்றத்துக்குப் போடுவது.

மறத்தல் என்ற ‘ஃபர்கெட்’டும் இந்தக் குடும்பம்தான். அதன் முன்னொட்டு விலகலையும் இழப்பையும் குறிக்கும். எனவே மறப்பது என்றால் பிடியை விடுவது. ஊகிப்பது என்ற ‘கெஸ்’ என்பதையும் இதனோடு சேர்ப்பார்கள்: இருட்டில் கையை நீட்டித் தடவிப் பிடிக்கப் பார்ப்பது. இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ‘கெட்டா’ என்றால் இயலுதல். அங்கே விடுகதைக்குப் பெயர் ‘கௌட்டா’. பிடித்தல், இயலுதல், ஊகித்தல், புதிர் எல்லாம் ஒரே கையின் விரல்கள்.

இதெல்லாம் தமிழ்க் காதுக்கு அந்நியமாக ஒலிக்காது. ‘திருடன் பிடிபட்டான்’ என்கிறோம். ‘அந்தக் கணக்கு எனக்கு இப்போதுதான் பிடிபட்டது’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தின் ‘அப்ரிஹெண்ட்’ என்ற வினையும் காவலர் குற்றவாளியைப் பிடிப்பதையும் மனம் ஒரு பொருளைப் பிடிப்பதையும் சேர்த்தே சொல்லும். இரண்டு மொழிகளுக்கும் குருதி உறவு இல்லை. இந்த வழக்கை ஒன்றிடம் மற்றொன்று கடன் வாங்கவும் இல்லை. கையால் பொருளைப் பற்றிய அனுபவமே அறிவைப் பற்றிப் பேசவும் இருவருக்கும் சொல் தந்திருக்கிறது. ‘பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது, நழுவிப் போகிறது’ என்று நாம் தவிப்பதும் ‘ஃபர்கெட்’டின் பழைய பொருளுக்கு உரை எழுதியது போலவே இருக்கிறது.

இதைவிட வியப்பு ‘பெறு’வில்தான். அந்த ஸ்காண்டிநேவியர் பேசிய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’வுக்கு அடைதல் என்பதோடு பிள்ளை பெறுதல் என்ற பொருளும் இருந்தது. ஆங்கிலத்தில் ‘பிகெட்’ என்ற சொல்லில் அது தங்கிவிட்டது. தமிழில் ‘பெறு’ என்ற ஒரே வினை பரிசையும் தரும், பிள்ளையையும் தரும். பெற்றோர், பெற்ற வயிறு, பேறுகாலம், மக்கட்பேறு என்று வீடு முழுக்க அந்தச் சொல்தான். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் மத்தேயுவின் முதல் அதிகாரம் தலைமுறை வரிசையைச் சொல்லும்போது ‘பிகாட்’ என்ற இறந்தகால வடிவம் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வருகிறது. தமிழ் பைபிள் அதை அச்சு மாறாமல் ‘பெற்றான்’ என்று தந்துவிட்டது. தாய்தானே பெறுவாள், தகப்பன் எப்படிப் பெறுவான் என்று இன்று முதன்முறை படிப்பவர் நின்று யோசிக்கலாம். பெறுதல் அடைதலும்தான் என்பது நினைவுக்கு வந்தால் அந்தத் தயக்கம் தீரும்.

அதே பைபிளில் ஞானத்தை நாடும்படி நீதிமொழிகள் சொல்லும் இடத்தில் ஆங்கிலம் ‘கெட்’ என்கிறது; தமிழோ ‘சம்பாதி’ என்கிறது. இங்கே மொழிபெயர்ப்பாளரின் காது பாராட்டத்தக்கது. ஞானம் பெறலாம், கிடைக்கலாம், வாய்க்கலாம்; ஆனால் கட்டளையாகச் சொல்லும்போது உழைப்பு தேவைப்படுகிறது. உழைப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘எர்ன்’ உண்டு. ஜெர்மானியக் கிளையில் அறுவடையைக் குறிக்கும் சொற்களோடு உறவுடையது அது. ‘வின்’ ஒரு காலத்தில் பாடுபடுவதையும் போராடுவதையும் குறித்தது. ‘கெயின்’ பிரெஞ்சு வழியாக வந்தாலும் மேய்ச்சலையும் வேட்டையையும் சுட்டிய ஜெர்மானியச் சொல்லில் பிறந்தது. ‘அக்வயர்’ என்பதற்குள் தேடுதல் இருக்கிறது. வயலும் போர்க்களமும் காடும் இவற்றுக்குள் ஒளிந்திருக்க, ‘கெட்’ மட்டும் வெறுங்கையோடு நிற்கிறது. அதனால்தான் அது எதையும் பிடித்தது.

பிடித்த கை காலப்போக்கில் தளர்ந்துவிட்டது என்பதே இந்த வினையின் வரலாற்றில் முக்கியமான திருப்பம். முதலில் எட்டிப் பற்றுகிறவர்தான் எழுவாய். பிறகு வெறுமனே வந்து சேர்வதையும் அதே வினையால் சொன்னார்கள். கடிதம் வந்தாலும் ‘காட்’, காய்ச்சல் வந்தாலும் ‘காட்’. முயன்றவனுக்கும் சும்மா இருந்தவனுக்கும் வேறுபாடு போய்விட்டது. தமிழ் அந்த வேறுபாட்டை விடாமல் காக்கிறது. ‘வேலை கிடைத்தது’ என்றால் வேலைதான் எழுவாய்; ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ‘காய்ச்சல் பிடித்தது’ என்றால் பிடித்தது காய்ச்சல், பிடிபட்டது நாம். ஆங்கிலேயர் நோயைக் கைநீட்டி வாங்குகிறார். தமிழரை நோய் வந்து பிடிக்கிறது. சர் சி. வி. ராமன் 1930-இல் நோபல் பரிசு ‘பெற்றார்’. பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் 35 மார்க் ‘வாங்கினான்’. இரண்டுக்கும் ‘காட்’ என்றே ஆங்கிலம் சொல்லிவிட்டுப் போகும். தமிழ் வினையைக் கேட்டாலே மேடையா திண்ணையா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு படி மேலே போனால் ‘கெட்’ துணைவினையாகவும் மாறியிருக்கிறது. ‘பி’ என்ற வினையைக் கொண்டு செயப்பாட்டு வாக்கியம் அமைப்பதே பழைய முறை. அதற்குப் பக்கத்தில் ‘ஹி காட் அரெஸ்டட்’ என்ற அமைப்பு 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தளிர்விட்டுப் பின்னர் பரவியது. இதில் ஒரு வாசனை உண்டு: கைதானவர் தாமே எதையோ செய்து மாட்டிக்கொண்டார் என்ற குறிப்பு மெல்ல எட்டிப் பார்க்கும்.

தமிழுக்கு இதுவும் புதிதல்ல. ‘படு’ சேர்த்துச் செயப்பாட்டுவினை அமைப்பது பெருவழக்கு. ‘பெறு’ சேர்ப்பது இன்னொரு வழக்கு. ‘விழா கொண்டாடப்பெறுகிறது’, ‘மலர் வெளியிடப்பெற்றது’ என்று அழைப்பிதழ்களில் பார்க்கிறோம். ‘படு’வில் துன்பத்தின் நிழல் விழுவதால் நல்ல காரியத்துக்குப் ‘பெறு’வே பொருத்தம் என்று கருதும் புலவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘கொலை செய்யப்பெற்றார்’ என்று எழுதிப் பாருங்கள். கொலையுண்டவருக்கு ஏதோ விருது தந்தது போலாகிவிடும். ஆங்கிலத்தின் ‘கெட்’ பதவி உயர்வோடும் ஒட்டும், கொலையோடும் ஒட்டும். நம் ‘பெறு’ அப்படி ஒட்டாது.

முடிதிருத்தும் கடைக்குப் போய் வந்தவர் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறார். கத்தரி பிடித்தது இன்னொருவர் கை. பயன் இவர் தலைக்கு. ஆங்கிலத்தில் இங்கும் ‘காட்’ வருகிறது. நம் ‘கொள்’ளும் அடிப்படையில் ஓர் அடைதல் வினைதான், கொள்முதல், கொள்வினை கொடுப்பினை என்பவற்றில் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘புரிந்துகொள்’, ‘தெரிந்துகொள்’ என்பவற்றில் அதுவே அறிவின் பக்கமும் சாய்கிறது. வாங்கும் வினை துணைவினையாகத் தேய்வது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று.

‘கெட்’டுக்கு அமெரிக்கர் சொல்லும் ‘காட்டன்’ என்ற இறந்தகால எச்ச வடிவத்தை (பருத்தித் துணி இல்லை) பிரிட்டனில் சிலர் அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிப்பார்கள். ஜேம்ஸ் மன்னர் பைபிளில் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்திலேயே, ஏவாள் தன் முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, அது இருக்கிறது. பழையதைத் தொலைத்தவர்கள் பிரிட்டனில் இருந்தவர்கள்; கடல் கடந்தவர்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். போதாததற்கு அமெரிக்கர் அதை நுட்பமாகவும் பயன்படுத்துகிறார்கள்: கையில் இருப்பதற்கு ‘ஐ ஹாவ் காட்’, புதிதாக வந்து சேர்ந்ததற்கு ‘ஐ ஹாவ் காட்டன்’. ‘ஃபர்காட்டன்’ என்பதை மட்டும் பிரிட்டன்காரர் மறக்காமல் வைத்திருப்பது வேடிக்கை.

ஆங்கிலம் பரவிய இடமெல்லாம் இந்த வினை உள்ளூர் உடை உடுத்திக்கொண்டது. பேருந்திலிருந்து இறங்குவதற்குப் பிரிட்டனில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். நம் ஊரில் ‘கெட் டௌன்’. ‘இறங்கு’ என்ற நம் வினைக்குள் கீழ்நோக்கிய அசைவு இருப்பதால் அந்தச் சொல் இங்கே இயல்பாக உட்கார்ந்துவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாற்றம் இன்னும் ஆழமானது. சீன மொழிகளின் ‘இருக்கிறது’ என்ற வினையின் சாயலில், மலாயின் ‘அடா’வும் துணைநிற்க, அங்கே ‘காட்’ என்றாலே ‘உண்டு’ என்று பொருள். அடைவதும் வேண்டாம், பிடிப்பதும் வேண்டாம், இருந்தால் போதும். தமிழர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் சீன வாடிக்கையாளர் ஒருவர் பரோட்டா இருக்கிறதா என்று கேட்க ‘பராட்டா காட் ஆர் நாட்?’ என்பார். கல்லுக்குப் பின்னால் மாவை வீசிக்கொண்டிருப்பவர் தலை நிமிராமல் ஒரே சொல்லில் பதில் சொல்வார்: ‘காட்.’